பெருந்தொற்றுக் காலமும் ஆம்புலன்ஸ் வண்டியும்

கரும்பு பயிரிடும் அங்கத்தினர்கள் யாவரும் வெட்டு உத்தரவு என்பதை நன்கு அறிவார்கள். ஆலை இன்ன நாளில் இவ்வளவு கரும்பை அரைக்க இயலும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பவே வெட்டு உத்தரவு வழங்கப்படுகிறது. உத்தரவின்றி எல்லோரும் ஒரே நாளில் வெட்டி வண்டியேற்றி வந்துவிட்டால் என்ன நேரும்? ஆலையின் வாயிலிலிருந்து சாலை நெடுகிலும் வண்டிகள் நிற்கும். கரும்பு காய்ந்து எடை குறையும். அடுத்த நடைக்கு வேண்டிய வண்டியும் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். ஆலை பழுதாகவில்லை, வண்டியும் பழுதாகவில்லை. வண்டிக்கு முன் செய்தி செல்லாமையே அங்கு நேர்ந்த குறை.

கரும்பு காய்ந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். வண்டியில் காத்திருப்பது மூச்சுத் திணறும் மனிதராயின், நஷ்டம் உயிராகும். 2021-ம் ஆண்டு மே மாதத்தில் கொரோனா நோயின் இரண்டாம் அலை நம் மாநிலத்தைத் தாக்கிற்று. அம்மாதம் 21-ம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் முன்பு ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசையாக நின்ற காட்சியை நாம் பத்திரிகைகளில் கண்டோம்; பல குடும்பத்தினர் நேரிலேயே கண்டனர். “ஆஸ்பத்திரி வாயில் வரை வந்த பின்னும் உள்ளே எடுத்துக்கொள்ளவில்லையே, ஏன்?” என்ற கேள்வி இன்றும் பலர் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருக்கிறது. அக்கேள்விக்குரிய விடையை இயன்றவரை தெளிவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாதாரண நாளில் நடப்பது

ஆம்புலன்ஸ் வண்டி என்றவுடன் வீட்டிலிருந்தோ, விபத்து நடந்த சாலையிலிருந்தோ நோயாளியை ஏற்றிச் செல்வதே நம் நினைவுக்கு வரும். ஆனால் அதன் பணியில் கணிசமான பகுதி வேறு வகையைச் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் நோயாளிகளை மாற்றிச் சேர்ப்பதே அது. பாம்பு கடித்தவர், பிரசவத்தில் சிக்கல் கண்ட தாய், குறைமாதக் குழந்தை, மாரடைப்பு நேர்ந்தவர் ஆகியோர் இவ்வாறு மாற்றப்படுகின்றனர். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய 108 சேவை, ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளுடன் இப்பணியையும் கட்டணமின்றிச் செய்து வருகிறது.

சாதாரண நாட்களில் இவ்வேற்பாடு ஒரு நம்பிக்கையின் மீது நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் எப்படியும் ஓர் இடம் இருக்கும் என்பதே அந்நம்பிக்கை. ஆகவே சிறிய ஆஸ்பத்திரியின் டாக்டர் ஒரு சீட்டு எழுதி, வண்டியை அழைத்து அனுப்பிவிட்டாலும் பெரும்பாலும் காரியம் நடந்துவிடுகிறது. பெருந்தொற்று அந்நம்பிக்கையையே தகர்த்துவிடுகிறது. எல்லாச் சிறிய ஆஸ்பத்திரிகளும் ஒரே வாரத்தில், ஒரே வகை நோயாளிகளை, ஒரே பெரிய ஆஸ்பத்திரியை நோக்கி அனுப்பத் தொடங்குகின்றன.

வண்டியின் கணக்கு

இந்நிலையில் வண்டிகள் போதவில்லை என்ற குரல் எழுகிறது. வண்டிகளின் எண்ணிக்கை குறையாதபோதே இக்குறை எவ்வாறு தோன்றுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாற்றுவதாகக் கொள்வோம். ஏற்றுவதற்கு 20 நிமிஷம், பயணத்திற்கு ஒரு மணி, ஒப்படைப்பதற்கு 20 நிமிஷம், திரும்புவதற்கு ஒரு மணி. ஆக ஒரு நடைக்கு 2 மணி 40 நிமிஷம். 24 மணி நேரத்தில் அவ்வண்டி 9 நடைகள் செல்லும்.

இனிப் பெருந்தொற்றுக் காலத்தைப் பார்ப்போம். வண்டியின் மருத்துவ உதவியாளரும், பைலட் என்றழைக்கப்படும் ஓட்டுநரும் காப்புடை அணிய 20 நிமிஷம் கூடுகிறது. ஆஸ்பத்திரி வாயிலில் இடத்திற்காகக் காத்திருக்க 2 மணி என்று வைத்துக்கொள்வோம். நோயாளியை இறக்கிய பின், வண்டியின் கதவுகளைத் திறந்து காற்றோட விட்டு, படுக்கை, பிடிகள், கருவிகள் எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைத்து உலரவிட 1 மணி ஆகிறது. நடை ஒன்றுக்கு 6 மணியாகிறது. அதே வண்டி நாளொன்றுக்கு 4 நடைகளே செல்லும். முன்பு 10 வண்டிகள் 90 நடைகள் சென்றன. இப்போது அதே 10 வண்டிகள் 40 நடைகளுக்கு மேல் செல்ல இயலா. சாலையில் வண்டி ஒன்றுகூடக் குறையவில்லை. ஆயினும் பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் மறைந்துவிட்டதற்கு இது சமானமாகும்.

பாவு வராமல் நிற்கும் தறியும் தறிதான். ஆனால் அதில் துணி இல்லை. வாயிலில் நிற்கும் ஆம்புலன்ஸின் நிலையும் அதுவே. அது தன்னுள் இருக்கும் நோயாளிக்குப் பாதி உதவியே தருகிறது. அடுத்த கிராமத்தில் காத்திருக்கும் நோயாளிக்கோ ஓர் உதவியும் தருவதில்லை. இதனாற்றான், காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது புதிய வண்டிகளை வாங்குவதற்கு ஒப்பாகிறது.

பிராணவாயுவின் கணக்கு

ஆக்ஸிஜன் எனும் பிராணவாயுவின் கணக்கு இதனினும் கடுமையானது. நம் நாட்டில் வழங்கும் சிலிண்டர்களில் “பி” வகை என்னும் சிறியது சுமார் 1,500 லிட்டரும், “டி” வகை என்னும் பெரியது சுமார் 7,000 லிட்டரும் பிராணவாயு கொள்ளும். நிமிஷத்திற்கு 5 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்குச் சிறிய சிலிண்டர் 5 மணி நேரம் வரும். நிமிஷத்திற்கு 15 லிட்டர் வேண்டியவருக்கு அதுவே 100 நிமிஷத்தில் தீரும். கடும் நுரையீரல் நோயில் சிலருக்கு நிமிஷத்திற்கு 60 லிட்டர் வரை காற்று செலுத்தும் கருவி பயன்படுகிறது. அது முழுவதும் பிராணவாயுவாகவே இருப்பின், சிறிய சிலிண்டர் 25 நிமிஷமும், பெரிய சிலிண்டர் 2 மணிக்குச் சற்றுக் குறைவாகவுமே தாங்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ஒரு மணிப் பயணத்திற்குப் போதுமான சிலிண்டருடன் புறப்பட்ட வண்டி, வாயிலில் இரண்டு மணி நிற்க நேர்ந்தால், நோயாளியின் உயிர் சிலிண்டரின் முள்ளைப் பொறுத்ததாகிவிடுகிறது. பயணத்திற்கு வேண்டிய அளவைப்போல் இருமடங்கு பிராணவாயு இருத்தல் வேண்டும் என்பது நோயாளிகளை மாற்றுவோர் கைக்கொள்ளும் விதிகளில் ஒன்று. பெருந்தொற்றில் அவ்விதியைக் காப்பது அரிது. ஏனெனில் பிராணவாயுவுக்கும் அதே நாட்களில்தான் தட்டுப்பாடு நேர்கிறது.

நோயைச் சுமந்து செல்லும் வண்டி

இதுவரை கூறியவை, நோயாளியை விரைவாக மாற்றுவதற்குள்ள தடைகள். ஆனால் விரைவு ஒன்றே நன்மை என்று எண்ணுவதும் பிழையாகும். மாற்றுதல் நோயாளியை மட்டும் கொண்டு செல்வதில்லை. சில சமயம் நோயையும் கொண்டு செல்கிறது. இதனை உலகுக்குத் தெளிவாக உணர்த்தியது கனடா நாட்டின் டொரான்டோ நகரம்.

கொரோனாவுக்கு நெருங்கிய உறவுடைய ஸார்ஸ் என்னும் நோய், 2003-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு பயணியின் வாயிலாக அந்நகரை அடைந்தது. இன்று நம் தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் ஸ்கார்பரோ பகுதியின் ஆஸ்பத்திரியொன்றில் அது பரவியது. நோய் இன்னதென்று எவரும் அறியாத அந்நாட்களில், அங்கிருந்த ஒரு நோயாளி வேறு சிகிச்சையின் பொருட்டு மற்றோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். அவருடன் ஸார்ஸும் சென்றது. மார்ச் மாதம் முடிவதற்குள் அவ்விரு ஆஸ்பத்திரிகளும் புது நோயாளிகளை ஏற்க இயலாமல் கதவை மூட வேண்டியதாயிற்று. ஆம்புலன்ஸ் ஊழியர்களில் நூற்றுக்கணக்கானோர் வீட்டிலேயே தனித்திருக்கப் பணிக்கப்பட்டனர். கனடாவில் அந்நோய்க்கு இரையானோர் 44 பேர்.

அப்போது ஒன்டாரியோ மாகாண அரசு ஓர் ஏற்பாடு செய்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரே அனுமதி நிலையம் நிறுவப்பட்டது. எந்த ஆஸ்பத்திரியாயினும், ஒரு நோயாளியை வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் அந்நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, நோய் கண்டவருடன் தொடர்பு உண்டா என்ற கேள்விகளுக்கு விடையளித்து, அனுமதி எண் பெற வேண்டும். எண் இல்லையெனில் வண்டி நகராது. இஃது அநாவசியத் தாமதம் என்று முதலில் தோன்றலாம். ஆனால் இரு பயன்கள் ஒருங்கே விளைந்தன: நோய் ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி தாவுவதைத் தடுக்க ஒரு வழி பிறந்தது, எங்கிருந்து எங்கே எத்தனை நோயாளிகள் செல்கின்றனர் என்ற கணக்கும் ஓரிடத்தில் திரண்டது. ஸார்ஸ் அடங்கிய பின்னும் அம்முறை கைவிடப்படவில்லை. அவ்வனுமதி எண்ணை நம் வெட்டு உத்தரவோடு ஒப்பிட்டு நோக்கினால் அதன் தத்துவம் எளிதில் விளங்கும்.

நிரம்பும் முன்னே மாற்றுதல்

டொரான்டோ கற்பித்தது காவல். மாற்றுதலையே கேடயமாக்கும் வழியைப் பிரான்ஸ் நாடு 2020-ம் ஆண்டில் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் கொரோனா கடுமையாகப் பரவி, மூலூஸ், ஸ்ட்ராஸ்பூர் நகரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்தன. மேற்குப் பகுதியிலோ இடம் இருந்தது. மார்ச் 18-ம் தேதி ராணுவ விமானமொன்று 6 நோயாளிகளைத் தெற்கே கொண்டு சென்றது. மார்ச் 26-ம் தேதி அதிவேக ரயில் ஒன்று நடமாடும் ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டு, ஸ்ட்ராஸ்பூரிலிருந்து 20 நோயாளிகளை நாட்டின் மேற்கே கொண்டு சேர்த்தது. அவ்வசந்த காலத்தில் இவ்வாறு ரயில், விமானம், ஹெலிகாப்டர், சாலை வண்டி ஆகியவற்றின் மூலம் மாற்றப்பட்டோர் 600-க்கு மேற்பட்டவர்.

இங்கே கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, ரயிலில் ஏற்றப்பட்டவர்கள் இறக்கும் தறுவாயில் இருந்தவர்கள் அல்லர்; நெடும் பயணத்தைத் தாங்கக்கூடியவர்கள் என டாக்டர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். நிலை மிக மோசமானவரை அசைப்பது அவருக்கே ஆபத்து. தாங்கக்கூடியவரை அனுப்பினால், அசைக்கக்கூடாதவருக்கு அங்கேயே இடம் கிடைக்கிறது. இரண்டாவது, ரயில் புறப்படுமுன்னரே ஒவ்வொருவருக்கும் எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்பது முடிவாகியிருந்தது.

ஜெர்மனி இதனை ஒரு நிரந்தர ஏற்பாடாகவே ஆக்கிக்கொண்டது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் அந்நாட்டு ஆஸ்பத்திரிகள் தத்தம் தீவிர சிகிச்சைப் படுக்கைகளின் கணக்கை நாள்தோறும் பொதுப் பதிவேட்டில் தெரிவிக்கக் கடமைப்பட்டன. நாடு ஐந்து வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டாரத்தில் இடம் நெருங்கும்போதே மற்றொரு வட்டாரம் கை கொடுக்க வேண்டும் என்பது திட்டம். 2021-ம் ஆண்டு நவம்பரில் தென் ஜெர்மனி நிரம்பியபோது, அத்திட்டப்படியே நோயாளிகள் வடக்கே மாற்றப்பட்டனர்.

சென்னையில் செய்யப்பட்டது

இனி நம் மாநிலத்திற்குத் திரும்புவோம். 2021-ம் ஆண்டு மே மாத நெருக்கடியில் இங்கும் மூன்று வழிகள் கையாளப்பட்டன.

முதலாவது, செய்தியை ஒரே இடத்தில் திரட்டுவது. படுக்கைகளின் நிலவரத்தை அறிந்து, அழைப்போருக்கு வழிகாட்ட, ஒருங்கிணைந்த கட்டளை மையம் ஒன்று சென்னையில் அமைக்கப்பட்டது. அது 104 என்னும் உதவி எண்ணோடு இணைக்கப்பட்டது. இரண்டாவது, வண்டியை விடுவிப்பது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், ஆம்புலன்ஸில் வந்து காத்திருப்போரை உடனே இறக்கிப் பிராணவாயு அளிப்பதற்கெனத் தனி வார்டு ஏற்படுத்தப்பட்டது. “தாமதமில்லா வார்டு” என்னும் கருத்துடைய பெயரே அதற்கு இடப்பட்டது. நிரந்தரப் படுக்கை கிடைக்கும் வரை நோயாளி அங்கே சிகிச்சை பெறுவார். வண்டியோ அடுத்த நடைக்குப் புறப்பட்டுவிடும். மூன்றாவது, தேவையைப் பகுத்தறிவது. நோய் இலேசாக உள்ளவர்களைப் பரிசோதனை நிலையங்களுக்கு அழைத்துச் செல்ல வாடகைக் கார்கள் பயன்படுத்தப்பட்டன. பிராணவாயு வசதியுள்ள ஆம்புலன்ஸ்கள் மூச்சுத் திணறுவோருக்கென மிஞ்சின.

இம்மூன்றும் பெரும் இயந்திரங்களால் ஆனவை அல்ல, ஒழுங்கினால் ஆனவை. அவை நெருக்கடி உச்சத்தை அடையும் வேளையில் அமைந்தன என்பதும், அதற்கு முன்னரே அமைந்திருந்தால் வாயிலில் கழிந்த நேரம் குறைந்திருக்கும் என்பதும் உண்மை. பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அடுத்த பெருந்தொற்று வருமுன் நினைவில் நிறுத்த வேண்டிய பாடம் இது என்பதற்காகவே எழுதுகிறோம்.

மறக்கப்படும் நோயாளிகள்

பெருந்தொற்று வந்ததால் பாம்பு கடிப்பது நிற்பதில்லை, பிரசவம் ஒத்திப்போவதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரந்தோறும் இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றே ஆக வேண்டும். ஆனால் வண்டிகள் எல்லாம் ஒரு நோயின் பின்னே ஓடும்போது, இவர்களுக்கு வண்டி தாமதமாகிறது. பெரிய ஆஸ்பத்திரி முழுவதும் தொற்று நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டால், வழக்கமாகச் செல்லும் இடமே மாறிப் போகிறது. தொற்றுக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்து, மார்வலியைப் பொறுத்துக்கொண்டு உயிரிழந்தவர்களும் உண்டு. ஆகவே வண்டிகளில் ஒரு பகுதியை மற்ற நோயாளிகளுக்கெனத் தனியே ஒதுக்கி வைப்பது இன்றியமையாதது. தொற்று நோயாளியும் மற்ற நோயாளியும் ஒரே வண்டியில் அடுத்தடுத்துச் செல்வதையும் அது தவிர்க்கிறது.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை

கட்டளை மையம் அமைப்பதும் வார்டு திறப்பதும் அரசின் வேலை. எனினும் நோயாளியின் குடும்பத்தார் செய்யக்கூடியவையும் சில உள. அவை பெருந்தொற்றுக் காலத்திற்கு மட்டுமன்றி எக்காலத்திற்கும் பொருந்துவன.

வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டுமென டாக்டர் கூறினால், முதலில் கேட்க வேண்டியது: “அங்கே பேசியாயிற்றா? யார் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்?” என்பது. பணிவாகக் கேட்டால் எந்த டாக்டரும் வருந்தமாட்டார். ஏற்கும் டாக்டரின் பெயரையும் வார்டையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுதல் நலம்.

சீட்டோடு, கொடுத்த மருந்துகள், அவை கொடுக்கப்பட்ட நேரம், பரிசோதனை முடிவுகள், எக்ஸ்-ரே அல்லது ஸ்கான் படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு எடுத்துச் செல்க. காகிதம் பின்தங்கினால், செய்த பரிசோதனையையே மீண்டும் செய்ய நேரும். ஒப்படைக்கும் நேரம் நீளும்.

நோயாளிக்கு நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர் பிராணவாயு செல்கிறது, சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதை மருத்துவ உதவியாளரிடம் கேட்டறிக. மேலே காட்டிய கணக்கை மனத்தில் கொண்டால், பிராணவாயு இல்லாத வாடகை வண்டியில் மூச்சுத் திணறுபவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவது எத்துணை ஆபத்தானது என்பது விளங்கும்.

தொற்று நோயாளியுடன் ஒருவருக்கு மேல் ஏறுதல் கூடாது. காய்ச்சலோ தொற்று நோயாளியின் தொடர்போ இருப்பின் அதனை மறைத்தல் ஆகாது. மறைப்பதால் இடம் விரைவில் கிடைக்கும் என்று எண்ணுவோர், ஒரு வார்டு முழுவதையும் பணயம் வைக்கின்றனர். டொரான்டோவில் நிகழ்ந்தது அறியாமையால். நாம் அறிந்தே செய்தல் தகாது.

வண்டியில் வரும் ஊழியர்களைப் பற்றியும் ஒரு சொல். மணிக்கணக்கில் காப்புடைக்குள் வியர்த்து, தண்ணீரும் அருந்தாமல் பணி செய்பவர்கள் அவர்கள். வாயிலில் நேரும் தாமதத்திற்கு முதலில் வசை கேட்பவர்களும் அவர்களே. அவர்களுள் ஒருவர் நோயுற்றாலும் ஒரு வண்டி நின்றுவிடும். அவர்களுக்குத் தெருவில் நிழலும் தண்ணீரும் நல்ல வார்த்தையும் மறுக்கப்படாதிருப்பதை ஒவ்வொரு கிராமமும் தன் கடமையாகக் கொள்ள வேண்டும்.

முடிவாக, கேள்விக்கு விடை இதுவே. 2021-ம் ஆண்டில் வாயிலில் வண்டிகள் நின்றது எவரும் ஓடாததால் அன்று. எல்லோரும் ஓடியும், செய்தி பின்னால் வந்ததால். எங்கே இடம் உண்டு என்பது முன்னே தெரிந்து, ஏற்பவர் முன்னே இசைந்து, தாங்கக்கூடியவர் முன்னே மாற்றப்பட்டு, வண்டி வந்தவுடன் இறக்கி விடுவிக்கப்படுமானால், இருக்கும் வண்டிகளைக் கொண்டே மேலும் பல உயிர்களைக் காக்க முடியும். கரும்பு வண்டிக்கு நாம் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கை மனித உயிருக்கும் கேட்டுப் பெறுதல் நம் உரிமை. அவ்வொழுங்குக்கு நாமும் உட்பட்டு நடத்தல் நம் கடமை.